‘நார்மல்’ வந்த பிறகும் கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 59. பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்டிஎல், 4.3 இருந்தது. அடோர்வாஸ்டேட்டின் 40 சாப்பிட்டு 1.9க்கு இறங்கியது. “நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு?” என்று இரண்டு மாதமாக நிறுத்திவிட்டார். ஆஸ்பிரினும் பிரஷருக்கான அம்லோடிபினும் மட்டும் தொடர்கிறார். நாலு மாதமாக வலது கெண்டைக்கால் வலிக்கிறது, அதுவும் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையால்தான் என்கிறார். ஆனால் நிறுத்திய பிறகும் படியேறினால் வலி வரத்தான் செய்கிறது. கல்லீரலும் கிட்னியும் போய்விடும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வேறு ஒரு காணொளி வந்தது. கூட வேலை செய்பவர் ‘இயற்கையானது’ என்று சிவப்பு அரிசி கேப்சூல் விற்றார், இப்போது அதைத்தான் சாப்பிடுகிறார். கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தப்பா மகன், “எனக்கு எல்டிஎல் 120, டாக்டர் ஒண்ணும் சொல்லல, மாமாவுக்கு வெறும் 4தானே” என்கிறான். ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி போட்டால் போதுமாமே, உண்மையா? கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: அவருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடி செய்து மோரில் கலந்து கொடுத்தால் தப்பா?

வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

அக்கா, மோர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். சிரிக்கவில்லை. மருந்தகக் கவுண்டரில் நிற்கும் எங்களிடம் இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். “நிறுத்திய பிறகும் படியேறினால் வலி வரத்தான் செய்கிறது.” போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை.

அடோர்வாஸ்டேட்டின் போன்ற ஸ்டேட்டின் மருந்துகளால் தசை வலி வருவது உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வலிக்கு ஒரு சாயல் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். தொடை, இடுப்பு, தோள் மாதிரிப் பெரிய தசைகளில் வரும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் தலைகாட்டும். நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கும். உங்கள் வீட்டுக்காரர் ஒன்றரை வருடத்துக்கு மேல் எந்த வலியும் இல்லாமல் அதே மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். வலி ஒரே காலில், கெண்டைக்காலில், அதுவும் படியேறும்போது. மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆகியும் அப்படியே இருக்கிறது. மாத்திரைதான் குற்றவாளி என்றால் இந்நேரம் வலி போயிருக்க வேண்டாமா?

நின்று இரண்டு நிமிடம் இளைப்பாறினால் வலி விடுகிறதா, மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் பிடிக்கிறதா என்று அவரைக் கேளுங்கள். ஆமாம் என்றால், காலுக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு இருக்கலாம். இதயத்தில் நடந்த அதே கதை காலில். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், கடிதத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. முதுகு நரம்பிலிருந்தும் வரலாம், தைராய்டு குறைந்தாலும் தசை வலிக்கும். ஆனால் இதய ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இப்படி ஒரு வலி என்றால் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. பரிசோதனை எளிது: கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஊசி கூட இல்லை. சிகரெட் பற்றி நீங்கள் எழுதவில்லை. அந்தப் பழக்கம் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். திடீரென்று கால் சில்லிட்டு வெளுத்துப்போனாலோ, ஓய்வாக இருக்கும்போதே தாங்க முடியாமல் வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ அப்பாயின்மென்ட் எல்லாம் பார்க்க வேண்டாம், 999தான்.

ஆக, கொழுப்பு அடைப்பால் வந்த வலியாக இருக்கக்கூடிய ஒன்றுக்காக, அந்த அடைப்பைத் தடுக்கும் மருந்தை நிறுத்தியிருக்கிறார். இதை அவரிடம் சொல்லுங்கள். திட்டாமல் சொல்லுங்கள்.

அடுத்தது ‘நார்மல்’. இந்த ஒரு சொல்லால் வந்த வினை கொஞ்சமல்ல. காய்ச்சலுக்குப் பனடோல் போடுவது போலவோ, ஆண்டிபயாட்டிக்கை ஐந்து நாள் சாப்பிட்டு முடிப்பது போலவோ இதை நினைத்துவிடுகிறார்கள். கொலஸ்ட்ராலைப் பெருமளவு செய்வது நம் சொந்தக் கல்லீரல்தான். ஸ்டேட்டின் அங்கே போய், கொலஸ்ட்ரால் செய்யத் தேவையான ஒரு நொதியைக் கட்டிப்போடுகிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் ஏற்பிகளை அதிகமாக வைத்து, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரையை நிறுத்தினால் கட்டு அவிழ்ந்துவிடும், சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே போய்விடும். அவருடைய 1.9, மாத்திரையோடு சேர்ந்த 1.9. இப்போது ரத்தம் எடுத்தால் பழைய 4.3க்குப் பக்கத்தில் நின்றாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதோடு, அந்த 1.9 அவருக்கு நார்மலும் இல்லை. லேப் தாளில் அச்சடித்திருக்கும் வரம்பு பொது ஜனத்துக்கு. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் 1.4க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய இலக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு 2.6 போதும் என்றால் உங்கள் வீட்டுக்காரருக்குப் போதாது. அடைத்திருந்த ஓர் இடத்தை மட்டும்தான் ஸ்டென்ட் திறந்துவிட்டிருக்கிறது. மற்ற குழாய்களில் படிந்திருப்பது அப்படியேதான் இருக்கிறது. அந்தப் படிவு வெடிக்காமல் கெட்டிப்பட்டு அடங்கிக் கிடக்கவும் ஸ்டேட்டின் உதவுகிறது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோய் உள்ள 4,444 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டேட்டினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது. முப்பது வருடத்துப் பழைய கதை இது, பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் நின்றன.

உங்கள் கோயம்புத்தூர்த் தம்பியின் கணக்கை இங்கேயே முடித்துவிடுவோம். அங்கே மில்லிகிராமில் எழுதுகிறார்கள், மலேசியாவில் மில்லிமோலில். நம் எண்ணை 38.67ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். உங்கள் வீட்டுக்காரரின் 4.3 என்பது அங்கே 166. தம்பியின் 120 இங்கே 3.1. இலக்கு 1.4 என்பது 54. ரூபாயையும் மலேசிய வெள்ளியையும் அப்படியே வைத்து ஒப்பிட்ட மாதிரிதான் ஆகிவிட்டது. தம்பிக்கு இதய நோய் இல்லையென்றால் இலக்கும் வேறு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிவப்பு அரிசி கேப்சூலுக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபமும் நிறைய சிரிப்பும் வருகிறது.

அகிரா எண்டோ என்று ஒரு ஜப்பானிய விஞ்ஞானி. பூஞ்சைகளில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள் ஏதாவது இருக்குமா என்று 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தவர். ஒரு பெனிசிலியம் பூஞ்சையில் முதல் ஸ்டேட்டினைக் கண்டுபிடித்தார். 1979இல் இன்னொரு பூஞ்சையிலிருந்து ‘மோனகோலின் கே’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அந்தப் பூஞ்சை மொனாஸ்கஸ். அரிசியில் மொனாஸ்கஸ் வளர்த்தால் கிடைப்பதுதான் சிவப்பு ஈஸ்ட் அரிசி. சித்தியவான் பக்கம் ஃபூச்சோ சீனர்கள் சிவப்பு மது காய்ச்சி மீ சுவாவில் ஊற்றுகிறார்களே, அதற்கும் இந்த அரிசிதான். மோனகோலின் கே வேறு எதுவுமில்லை, லோவாஸ்டேட்டின். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று மாத்திரையாக வந்த முதல் ஸ்டேட்டின் அதுவேதான்.

அதாவது ஸ்டேட்டின் வேண்டாம் என்று நிறுத்தியவர், காசு கொடுத்து ஸ்டேட்டின் வாங்கிச் சாப்பிடுகிறார். அளவு தெரிந்த 40 மில்லிகிராமை விட்டுவிட்டு, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒன்றைச் சாப்பிடுகிறார். ஒரு பெட்டியில் கொஞ்சம் இருக்கும், அடுத்த பெட்டியில் பேருக்கு இருக்கும். இன்னொன்றும் உண்டு: சரியாகத் தயாரிக்காவிட்டால் இதே பூஞ்சை சிட்ரினின் என்ற நஞ்சையும் உண்டாக்கும். அது பாதிப்பது சிறுநீரகத்தை. கிட்னி போய்விடும் என்று பயந்து போய் நின்ற இடத்தைப் பாருங்கள்.

பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நாட்டில் பதிவான எல்லா மருந்துக்கும், சத்து மாத்திரைக்கும், பாரம்பரிய மருந்துக்கும் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் நேராகக் குப்பைத் தொட்டி. இருந்தாலும் எண்களுக்குப் பின் வரும் முதல் எழுத்தைப் பாருங்கள். ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ (N) என்றால் சத்துப் பொருள். இந்த எழுத்துகளோடு வருவது அவருடைய டாக்டர் எழுதிய மருந்துக்கு மாற்று ஆகாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அதுவும் ஆபத்து, ஸ்டேட்டின் இரட்டிப்பாகி நிஜமாகவே தசையைப் பிடிக்கும். அடோர்வாஸ்டேட்டினை மறுபடி தொடங்கும் அன்றைக்கு கேப்சூல் நின்றுவிட வேண்டும்.

புலனத்துக் காணொளியை நான் பார்க்கவில்லை. ஆனால் அதே சரக்கு எனக்கும் வாரம் இரண்டு முறை வந்து விழுகிறது. கல்லீரல்: சிலருக்கு ரத்தத்தில் கல்லீரல் நொதி லேசாக ஏறும், பெரும்பாலும் தானே இறங்கும். மூன்று மடங்குக்கு மேல் ஏறி அப்படியே நின்றால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். கல்லீரல் கெட்டுப்போகும் அளவுக்குப் போவது மிக மிக அரிது. கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது என்பதற்காக ஸ்டேட்டினை மறுக்கவும் தேவையில்லை. கிட்னி: அடோர்வாஸ்டேட்டினைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது, கிட்னி பலவீனமானவர்களுக்குக் கூட அதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. சர்க்கரை: இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 255 பேர் நாலு வருடம் ஸ்டேட்டின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு வரலாம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு. மாரடைப்பு வந்த ஒருவருக்கு இன்னொன்று வராமல் தடுப்பதோடு ஒப்பிட்டால் நான் மாத்திரையைத்தான் தேர்ந்தெடுப்பேன். நிஜமாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: உடம்பு முழுக்கத் தசை வலித்து, பலவீனமாகி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தசை கரைவதன் அறிகுறி. மிக அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

லண்டனில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவருக்கும் பிடிக்கும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை விட்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு போத்தல், மாதம் ஒன்று. நாலில் அடோர்வாஸ்டேட்டின், நாலில் பார்ப்பதற்கு அதே போன்ற வெறும் மாத்திரை, நாலு காலி. தினமும் எவ்வளவு கஷ்டம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலிப் போத்தல் மாதங்களில் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. வெறும் மாத்திரை மாதங்களில் 15.4! மருந்தே இல்லாத மாத்திரையும் ஏறக்குறைய அதே வலியைக் கொடுத்திருக்கிறது. வலி பொய் என்று அர்த்தமில்லை, வலித்தது உண்மை. வலிக்கும் என்று எதிர்பார்த்து மாத்திரையை விழுங்குவதே வலியைக் கொண்டுவந்தது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டேட்டின் தொடங்கினார்கள்.

ஊசி உண்மைதான். இன்கிளிசிரான் என்று பெயர். முதல் ஊசி, மூன்றாம் மாதம் ஒன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல்லை ஏறக்குறைய பாதியாக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் எவலோக்குமாப், அலிரோக்குமாப் என்ற ஊசிகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் இவற்றை ஸ்டேட்டினுக்குப் பதிலாக அல்ல, ஸ்டேட்டினோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். விலை நம்மைப் போன்றவர்கள் சட்டென்று சரி என்று சொல்லும் விலையும் இல்லை. அவருக்கு அடுத்த படி வேறு: எசெட்டிமைப் 10. இது கல்லீரலில் அல்ல, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஸ்டேட்டினோடு சேர்ந்தால் இன்னும் 20 சதவீதம் அளவுக்கு இறங்கும், 1.9 என்பது 1.5 பக்கம் வரலாம். ஸ்டேட்டினை 40லிருந்து 80 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம் போலத்தான், அதனால் பல டாக்டர்கள் இந்த வழியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தசை வலி உண்மையிலேயே ஸ்டேட்டினால் என்று தெரிந்தாலும் வழிகள் இருக்கின்றன. வேறு ஸ்டேட்டின், குறைந்த அளவோடு எசெட்டிமைப், இப்படி. ரோசுவாஸ்டேட்டின் கொடுத்தால் நம் ஆசியர்களின் ரத்தத்தில் அது அதிகமாகத் தங்கும், அதனால் 5 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம்.

சிம்வாஸ்டேட்டினுக்கு யாராவது மாற்றினால் மட்டும், அம்லோடிபின் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேரும்போது சிம்வாஸ்டேட்டின் 20க்கு மேல் போகக் கூடாது. இருமலுக்கோ வயிற்றுப்புண்ணுக்கோ கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக் எழுதினாலும் ஸ்டேட்டின் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். பம்ளிமாஸ் ஸ்டேட்டினோடு சேருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள்: ஈப்போ போய்விட்டுத் தம்புன் பம்ளிமாஸ் வாங்கிவந்தால் இரண்டு மூன்று சுளை சாப்பிடட்டும், தினம் ஒரு முழுப்பழம் வேண்டாம்.

குழம்பில் தேங்காய்ப் பாலைக் குறைத்திருப்பீர்கள், நாசி கண்டாரையும் கண்ணில் காட்டியிருக்க மாட்டீர்கள். நல்லது, தொடருங்கள். ஆனால் சாப்பாட்டால் மட்டும் எல்டிஎல் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கினால் பெரிய விஷயம். 4.3லிருந்து 1.4க்கு வர அறுபது சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டும். உங்கள் சமையலில் குறை எதுவும் இல்லை அக்கா, அது சமையலால் ஆகிற காரியமே இல்லை.

இந்த வாரமே அவர் பார்க்கும் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்த இடமானாலும் சரி, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் ஆனாலும் சரி. அங்கே ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் கிடைக்கும். இரண்டு மாதமாக நிறுத்தியதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால், ஏறிப்போன எண்ணைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிவிடக்கூடும். கால் வலியைச் சொல்ல வேண்டும், கேப்சூல் பெட்டியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். மறுபடி தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் பார்ப்பார்கள். இரவு மாத்திரை மறந்துபோகிறதென்றால் அடோர்வாஸ்டேட்டினைக் காலைப் பசியாறலோடும் சாப்பிடலாம், அது நாள் முழுக்க உடம்பில் நிற்கும். சிம்வாஸ்டேட்டினுக்குத்தான் இரவு. ஒரு பிராண்டுக்குப் பதில் வேறு பிராண்டு வந்தால் பெட்டியில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். மருத்துவமனையில் கொடுத்த வெள்ளை மாத்திரையும் கடையில் வாங்கிய மஞ்சள் மாத்திரையும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட ஒரு பெரியவர் என் கவுண்டருக்கு வந்திருக்கிறார்.

இப்போது மோர். வேண்டாம் அக்கா. பாதி காரணம் மருந்து சம்பந்தப்பட்டது: அவர் கேப்சூலில் ஒரு ஸ்டேட்டின், உங்கள் மோரில் ஒரு ஸ்டேட்டின். நாளைக்கு நிஜமாகவே தசை வலித்து டாக்டரிடம் போனால், “நான் ஸ்டேட்டின் எடுக்கறதே இல்லை” என்று சத்தியம் செய்வார். டாக்டரும் நம்பி, அதோடு சேரக் கூடாத வேறு மருந்தை எழுதிக் கொடுப்பார். மீதிப் பாதி உங்களுக்கே தெரியும், ஒருநாள் டம்ளரின் அடியில் பொடி தங்கியிருப்பதை அவர் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் ஆஸ்பிரினையும் உங்கள் கையால் வாங்கமாட்டார். அந்த லண்டன் கதையைச் சொல்லிப் பாருங்கள். மசியாவிட்டால் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மருந்தகத்துக்குப் போய், பார்மசிஸ்டிடம் பழைய மாத்திரை அட்டையையும் சிவப்பு கேப்சூலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மனைவி சொன்னால் கேட்காதவர்கள் வெள்ளைக் கோட்டு சொன்னால் கேட்பதை நான் தினமும் பார்க்கிறேன்.